கோட் சரியாக உட்காரவில்லையா? சுருக்கத்தைப் பார்த்துக் குறையைக் கண்டுபிடியுங்கள்

நேர்முகத் தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது கண்ணாடி முன் நின்று, "ஏதோ சரியில்லை, என்னவென்று தெரியவில்லை" என்று திகைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் பெரியப்பா கோட் தைப்பவர். கல்லூரி விடுமுறைகளில் அவர் கடையில் காஜா எடுத்தும் பட்டன் தைத்தும் பழகினேன். பிறகு அலுவலக வேலைக்குப் போய், பதினைந்து ஆண்டுகளாக வாரத்தில் மூன்று நாளாவது கோட் அணிகிறேன். தைக்கும் இடத்திலும் அணியும் இடத்திலும் இருந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: கோட்டில் விழும் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் தனிக் காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் "கொஞ்சம் பிடித்துக் கொடுங்கள்" என்று டெய்லரிடம் கொடுத்தால் பணமும் போகும், கோட்டும் போகும்.

முதலில் ஒழுங்காக நின்று பாருங்கள்

தேர்வன்று போடப்போகும் சட்டையையும் ஷூவையும் அணிந்துகொள்ளுங்கள். பர்ஸ், செல்போன், சாவி எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வையுங்கள். இரண்டு பட்டன் கோட் என்றால் மேல் பட்டனை மட்டும் போடுங்கள். கண்ணாடியைப் பார்த்தவுடன் நம்மை அறியாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறோம். அந்த நிமிர்வில் பாதிக் குறைகள் மறைந்துவிடும். ஆகவே வீட்டில் இருப்பவரிடம் சொல்லி முன்புறம், முதுகு, இரண்டு பக்கம் என்று நான்கு படம் எடுக்கச் சொல்லுங்கள். கைகள் தளர்ந்து தொங்கட்டும். முதுகுப் படத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் முதுகை நாம் பார்ப்பதில்லை, ஆனால் அறையைவிட்டு நாம் வெளியேறும்போது எதிரில் இருப்பவர்கள் கடைசியாகப் பார்ப்பது அதைத்தான்.

சுருக்கங்கள் இரண்டு வகை. ஒன்று கட்டிய கயிறுபோல விறைத்து நிற்கும். அது எந்த இடத்தை நோக்கி ஓடுகிறதோ அங்கே துணி போதவில்லை. மற்றொன்று திரைச்சீலைபோலத் தளர்ந்து தொங்கும். அங்கே துணி மிச்சம். முதல் வகைக்குத் தையலைப் பிரித்துவிட வேண்டும், இரண்டாவதற்குப் பிடிக்க வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்வதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே அதிகம். முதுகில் சுருக்கம் தெரிந்தாலே "லூஸாக இருக்கிறது" என்று நினைத்து மேலும் இறுக்கிவிடுகிறார்கள்.

தோளுக்குக் கீழே, கையின் மேற்பகுதியில் குழி விழுகிறது

சுவருக்குப் பக்கவாட்டில் நின்று மெதுவாகச் சாயுங்கள். உங்கள் மேற்கையும் கோட்டின் தோள்முனையும் ஏறத்தாழ ஒன்றாகச் சுவரைத் தொட்டால் அளவு சரி. தோள் பேட் முந்திக்கொண்டு சுவரில் பட்டு மடங்கினால் தோள் அகலம் அதிகம். நேர்மாறாக, தோள் தையலைத் தாண்டி உங்கள் தசை பிதுங்கிக்கொண்டு கையில் மேடு தெரிந்தால் தோள் அகலம் குறைவு.

இரண்டில் எதுவானாலும் அந்தக் கோட்டை வாங்காதீர்கள். தோளைச் சரிசெய்வதென்றால் கையைக் கழற்றி, பேட்டை எடுத்து, தோளை வெட்டி, கைக்குழியை மறுபடி வரைந்து, உள்துணியையும் பிரித்துத் தைக்க வேண்டும். பாதிக் கோட்டைப் புதிதாகத் தைப்பதற்குச் சமமான வேலை. "கோட் தோளில் தொங்குகிறது, மற்றதெல்லாம் அதற்குக் கீழேதான்" என்று பெரியப்பா வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

தவறான தோள் எப்படி வந்து சேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ரெடிமேட் கோட்டில் இருக்கும் 38, 40, 42 என்ற எண் மார்பளவு, அங்குலத்தில். செட்டாக விற்கும்போது பேன்ட்டின் இடுப்பு பெரும்பாலும் அதைவிட 6 அங்குலம் குறைவாக இருக்கும். 40 கோட்டுக்கு 34 பேன்ட். முப்பத்தைந்து வயதைத் தாண்டி வயிறு கொஞ்சம் முன்னே வந்தவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. வயிற்றில் பட்டன் விழவில்லை என்று அவர் 42க்குப் போகிறார். பட்டன் விழுகிறது, தோள் தொங்குகிறது. தோளுக்குப் பொருந்தும் அளவை எடுத்து வயிற்றுப் பக்கம் பிரித்துவிட முடியுமா என்று பார்ப்பதே சரியான வழி. முடியாவிட்டால் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள். இவருக்குத்தான் தையல் கோட் உண்மையில் தேவை.

ஒரு தோளில் மட்டும் குழி என்றால் பயப்பட வேண்டாம். பலருக்கு ஒரு தோள் சற்றுத் தாழ்ந்திருக்கும். அந்தப் பக்கப் பேட்டின் மேல் மெல்லிய அடுக்கு ஒன்றைச் சேர்த்தால் சரியாகிவிடும். சின்ன வேலை, பெரிய மாற்றம்.

கோட்டின் காலர் கழுத்தைத் தொடாமல் விலகி நிற்கிறது

நன்றாகத் தைத்த கோட்டையும் மோசமானதையும் பத்தடி தூரத்திலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த இடம்தான். கோட்டின் காலர் சட்டையின் காலரோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். கையை நீட்டி ஒருவரோடு குலுக்கும்போதும் பெரிதாக விலகக் கூடாது. இடைவெளி தெரிந்தால் இந்த வரிசையில் சோதியுங்கள்.

முதலில் சட்டையைப் பாருங்கள். அதன் காலர் உயரம் குறைவாகவோ தொய்ந்தோ இருந்தால் கோட்டின் மேல் பழி போடுவதில் நியாயமில்லை. நல்ல விறைப்பான காலர் உள்ள சட்டை ஒன்றை மாற்றிப் போட்டுப் பாருங்கள். சட்டைக் காலர் கோட்டுக் காலருக்கு மேல் அரை அங்குலம் அளவுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்து, கோட்டின் பட்டனைக் கழற்றுங்கள். இடைவெளி உடனே மூடிக்கொண்டால் கழுத்தில் குற்றமில்லை. மார்பிலோ வயிற்றிலோ இறுக்கம், அது காலரைக் கீழே இழுக்கிறது.

பட்டனைக் கழற்றியும் இடைவெளி போகவில்லை என்றால் காரணம் உடல்வாகு. நாள் முழுக்கக் கணினி முன் குனிந்து உட்கார்ந்து நம்மில் பலருக்குத் தலை முன்னே வந்து மேல்முதுகு வளைந்திருக்கிறது. வளைந்த முதுகுக்கு நீளம் அதிகம் வேண்டும். நேராக நிற்பவருக்கு வெட்டிய கோட்டில் அந்த நீளம் இல்லாததால் காலர் கழுத்தைவிட்டு விலகும், கோட்டின் பின்விளிம்பும் சற்றுத் தூக்கிக்கொள்ளும். பக்கவாட்டுப் படத்தில் இது தெளிவாகத் தெரியும். காலரைக் கழற்றி, கழுத்துப் பகுதியையும் தோள் தையலையும் சரிசெய்து மறுபடி பொருத்த வேண்டும். கோட் தைத்துப் பழகியவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை இது.

என்னுடைய முதல் கோட்டில் இதே குறை இருந்தது. வாங்கிய கடையில், "இஸ்திரி போட்டால் உட்கார்ந்துவிடும்" என்றார்கள். நம்பினேன். ஓராண்டு இஸ்திரி போட்டும் உட்காரவில்லை. வெட்டில் இருக்கும் குறையை இஸ்திரிப் பெட்டியால் தீர்க்க முடியாது. அந்தப் பதிலை உங்களிடம் யாராவது சொன்னால் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காலருக்குக் கீழே, பிடரியில் குறுக்காக மடிப்பு

தளர்ந்த மடிப்பு, ஆகவே துணி மிச்சம். தோள் சரிவில்லாமல் சதுரமாக இருப்பவர்களுக்கும், மிக நிமிர்ந்து நிற்பவர்களுக்கும் வரும். ஒருவரை அந்த மடிப்பை விரலால் கிள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். பிடித்தவுடன் முதுகு முழுவதும் சமமானால், கிள்ளிய அளவுதான் எடுக்க வேண்டிய அளவு. காலரைக் கழற்றிப் பின்கழுத்தை அந்த அளவு இறக்கி மறுபடி வைப்பார்கள். அரை அங்குலத்துக்குள் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

கழுத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக மடிப்பு தொங்கினால் தோள் சரிந்தவர் என்று பொருள். பேட்டைச் சற்று உயர்த்தினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பட்டன் போட்டதும் பெருக்கல் குறிபோலச் சுருக்கம்

வயிற்றில் இறுக்கம். பட்டனுக்குப் பின்னால் உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும். மூடிய முட்டியே நுழைந்தால் தளர்வு. மெல்லிய கோடு ஒன்றிரண்டு தெரிவது தவறில்லை.

பக்கத் தையல்களையும் நடுமுதுகுத் தையலையும் பிரித்துவிட்டால் மொத்தத்தில் ஓர் அங்குலம் வரை கிடைக்கலாம். எவ்வளவு கிடைக்கும் என்பது உள்ளே எவ்வளவு துணி மடித்துவிட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கடையிலேயே தையலை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். உள்மடிப்பின் அகலம் கைக்குத் தெரியும். மிகக் குறைந்த இறுக்கத்துக்குப் பட்டனை விளிம்புப் பக்கம் அரை சென்டிமீட்டர் தள்ளித் தைத்தாலே போதும். லேப்பல், அதாவது காலரிலிருந்து இறங்கி மார்பில் மடிந்து கிடக்கும் பட்டை, மார்பில் படியாமல் வில்போல வெளியே வளைந்து நின்றால் மட்டும் நம்பிக்கையை விட்டுவிடலாம். மார்பே போதவில்லை, அடுத்த அளவுதான் வழி.

கீழ்ப் பட்டனைப் போடுவதாலும் இதே சுருக்கம் வரும். அது போடுவதற்கான பட்டன் இல்லை. பிரிட்டனின் ஏழாம் எட்வர்ட் மன்னர் தொந்தி காரணமாகக் கடைசிப் பட்டனைத் திறந்துவிட்டார், மற்றவர்களும் பின்பற்றினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, இன்றைய கோட்டின் முன்விளிம்பு அந்த இடத்தில் வளைந்து விலகும்படிதான் வெட்டப்படுகிறது. உட்காரும்போது மேல் பட்டனையும் கழற்றிவிடுங்கள், எழுந்ததும் போடுங்கள்.

பின்புற வெட்டு பிளந்து நிற்கிறது

கோட்டின் பின்புறக் கீழ்விளிம்பில் விட்டிருக்கும் திறப்பைத்தான் வெட்டு என்கிறேன். அது பிளந்தால் இடுப்புக்குக் கீழே துணி போதவில்லை. பேன்ட்டின் பின்பையில் பர்ஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்த வெட்டுக்கு மேலுள்ள தையலைப் பிரித்துவிடச் சொல்லுங்கள்.

கையில் திருகு திருகாகச் சுருக்கம்; அல்லது கை நீளம்

சிலருக்குக் கைகள் உடலுக்கு முன்னே தொங்கும், சிலருக்குப் பின்னே. கோட்டின் கை வேறு கோணத்தில் வைக்கப்பட்டிருந்தால் முழங்கையைச் சுற்றித் துணி முறுக்கிக்கொள்ளும். கையைக் கழற்றி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் திருப்பிப் பொருத்த வேண்டும். விலை உயர்ந்த கோட் என்றால் செய்யுங்கள்; மலிவான கோட்டுக்கு அந்தக் கூலி கட்டுப்படியாகாது.

நீளம் எளிது. கோட்டின் கை மணிக்கட்டு எலும்பில் முடிய வேண்டும், சட்டையின் கை அதற்கு வெளியே அரை அங்குலம் தெரிய வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கை நுனியில் உள்ள பட்டன்களுக்குக் காஜா உண்மையிலேயே திறந்திருந்தால் கீழிருந்து குறைக்க இடமிருக்காது, தோளிலிருந்து குறைக்க வேண்டியிருக்கும், செலவு பல மடங்கு. பெரும்பாலான ரெடிமேட் கோட்டுகளில் அவை வெறும் அலங்காரப் பட்டன்கள்தான்.

"திருமண வரவேற்புக்குத் தைத்த கோட்தான் இருக்கிறது"

இது சுருக்கம் சம்பந்தப்பட்ட குறை இல்லை. ஆனால் நம் ஊரில் மிக அதிகமாகக் கேட்கும் கேள்வி. நம் ஆண்களில் பலருக்கு முதல் கோட், சில சமயம் ஒரே கோட், வரவேற்பு மேடைக்குத் தைத்ததுதான். மேடையின் தேவை வேறு. இரண்டு மணி நேரம் நின்றுகொண்டு, விளக்கு வெளிச்சத்தில், படத்துக்கு நிற்க வேண்டும். அதற்காகப் பளபளப்பான துணி, விளிம்பில் சாட்டின், குட்டையான நீளம், இறுக்கமான இடுப்பு. அலுவலகத்தில் உட்கார வேண்டும், கையை நீட்டிக் காகிதம் வாங்க வேண்டும், குழல் விளக்குக்குக் கீழே ஒருவரோடு ஒரு மணி நேரம் பேச வேண்டும்.

துணி பளபளக்காத கருநீலமோ சாம்பலோ என்றால் காப்பாற்றலாம். மினுக்கும் பட்டன்களை எடுத்துவிட்டு அதே நிறத்தில் மங்கலான பட்டன்கள் தையுங்கள். மார்பில் தொங்கும் சங்கிலியையும் ப்ரூச்சையும் கழற்றுங்கள். இடுப்பைப் பிரித்துவிடுங்கள். நீளத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. கோட் பின்பகுதியை முழுவதும் மூட வேண்டும். கைகளைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கினால் அதன் கீழ்விளிம்பு விரல்களுக்குள் வர வேண்டும். அதற்கு மேலே நின்றால் விட்டுவிடுங்கள்.

சாட்டின் விளிம்பு வைத்த கோட்டை அணிவதைவிட, நன்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அடர்நிறப் பேன்ட், எளிய டை ஆகியவற்றோடு போவது நூறு மடங்கு மேல். இதை நான் முழு மனதோடு சொல்கிறேன். கடன் வாங்கிக் கோட் எடுப்பவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

புதிதாக ஒன்று எடுப்பதென்றால் கருநீலம், அதற்கடுத்துக் கரிச்சாம்பல். கறுப்பு வேண்டாம். இங்கே கறுப்பு கோட் என்றதும் வழக்கறிஞரும் ரயிலில் டிக்கெட் பரிசோதகரும்தான் நினைவுக்கு வருவார்கள்.

மார்பில் துணி கொப்புளம்போல எழும்புகிறது

இதற்கு மருந்தில்லை. கோட்டின் முன்பகுதி விறைப்பாக நிற்பதற்கு உள்ளே ஓர் அடுக்கு வைக்கிறார்கள். விலை குறைந்த கோட்டுகளில் அதைப் பசையால் சூடேற்றி ஒட்டிவிடுவார்கள். உயர்ந்தவற்றில் குதிரை முடி கலந்த கேன்வாஸை நூலால் தைப்பார்கள். மோசமாக ஒட்டிய பசை, டிரை கிளீனிங் ரசாயனத்திலோ அதிகச் சூட்டிலோ விட்டுவிடும். அப்போதுதான் கொப்புளம் எழும். வாங்கும்போதே பட்டன் காஜாவுக்குக் கீழே துணியைக் கிள்ளி இரண்டு பக்கமும் மெல்ல இழுத்துப் பாருங்கள். நடுவில் தனியாக ஓர் அடுக்கு மிதப்பது விரலுக்குத் தெரிந்தால் கேன்வாஸ் இருக்கிறது. ஒட்டிய கோட்டை வாங்குவது குற்றமில்லை; நன்றாக ஒட்டியது பல ஆண்டு உழைக்கும். மாதம் ஒருமுறை டிரை கிளீனிங்குக்கு அனுப்பாதீர்கள், அவ்வளவுதான். அணிந்த பிறகு பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, அகலமான மர ஹேங்கரில் ஓர் இரவு காற்றாட விட்டால் போதும்.

முழங்கையிலும் தொடையிலும் பளபளப்பு ஏறியிருந்தால் துணி உராய்ந்து தேய்ந்திருக்கலாம், அல்லது இஸ்திரிப் பெட்டியை நேராகத் துணிமேல் வைத்திருக்கலாம். இனிமேல் ஈரப் பருத்தித் துணியை மேலே விரித்துத் தேய்க்கச் சொல்லுங்கள். ஏறிய பளபளப்பு முழுவதும் போகாது.

பேன்ட்டில் வரும் குறைகள்

பக்கப் பைகள் காதுபோல விரிந்து நின்றால் சீட் (உட்காரும் பகுதி) இறுக்கம். முன்புறம் தொடை இடுக்கிலிருந்து கோடுகள் விரிந்தாலும் அதேதான். பேன்ட்டின் பின்புற நடுத் தையலில் பெரும்பாலும் ஓர் அங்குலம் விட்டிருப்பார்கள், பிரிக்கலாம். கணுக்காலில் துணி குவிந்தால் நீளம் அதிகம். முன்புறம் ஷூவின் மேல் மெல்ல ஒரு மடிப்பு விழுந்தால் போதும். இந்த அளவை வெறுங்காலோடு நின்று எடுக்கவே கூடாது.

வியர்வையில் நனைந்துவிடுகிறது

சென்னை மே மாதத்தில் எந்தக் கோட்டும் குளிர்ச்சி தராது. ஆனால் சித்திரவதையைப் பாதியாகக் குறைக்கலாம். கடையில் பெரும்பாலும் காட்டுவது டெரி-ரேயான். பாலியஸ்டர் அதிகம், காற்றுப் புகாது. கம்பளி என்றதும் ஊட்டிக் குளிர் நினைவுக்கு வந்து ஒதுக்கிவிடுகிறார்கள். மெல்லிய, தளர்வான நெசவுக் கம்பளி, ஒரு மீட்டர் நீளத்துக்கு 220 முதல் 260 கிராம் எடையுள்ளது, பாலியஸ்டரைவிட நம் வெயிலுக்கு நல்லது. வியர்வை ஆவியை உறிஞ்சி வெளியே விடும், சுருக்கமும் தொங்கவிட்டால் தானாகவே தளரும். பணம் போதாதென்றால் கம்பளி அதிகம் கலந்த டெரி-வூல்.

'சூப்பர் 100', 'சூப்பர் 150' என்று எழுதியிருப்பது நூலிழையின் நுண்மையை மட்டும் சொல்கிறது. சூப்பர் 100 என்றால் இழையின் தடிமன் 18.75 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) மிகாது. சூப்பர் 150 என்றால் 16.25. எண் ஏறினால் மென்மை ஏறும், உறுதி குறையும். பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் போய்வருபவர் 100, 110, 120க்குமேல் போக வேண்டியதில்லை. தொடைப் பக்கம் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

உள்துணியையும் பாருங்கள். முதுகில் பாதி மட்டும் உள்துணி வைத்ததைக் கேளுங்கள். உள்ளே பருத்திப் பனியன் போடுவதை விடாதீர்கள். நனைவது அதுவாக இருக்கட்டும். வழியெல்லாம் அணிந்து போகாமல், ஒரு தோளை உள்வெளியாகத் திருப்பி மற்றத் தோளை அதற்குள் நுழைத்து, உள்துணி வெளியே இருக்கும்படி மடித்துக் கையில் எடுத்துச் சென்று, கட்டடத்துக்குள் போன பிறகு அணியுங்கள்.

மழை மாதங்களில் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டுப் பருத்தி உறை போடுங்கள். கம்பளியைப் பூச்சிப்புழு அரிக்கும். அழுக்கும் வியர்வையும் உள்ள துணியைத்தான் முதலில் தேடி வரும். அந்துருண்டையை உறைக்குள் நேரடியாகப் போடாமல் சிறு துணியில் முடிந்து அலமாரியில் தொங்கவிடுங்கள்.

முதல் நாள் இரவு

புதுக் கோட்டில் பின்புற வெட்டைப் பெருக்கல் குறித் தையலால் கோத்திருப்பார்கள். கடையில் இருக்கும்போது விளிம்பு கெடாமல் இருக்கத்தான். சிறிய கத்தரிக்கோலால் வெட்டி நூலை முழுவதும் உருவிவிடுங்கள். கையின் நுனியில் வெளியே தைத்திருக்கும் துணி முத்திரையையும் எடுத்துவிடுங்கள். தோளில் வெள்ளை ஓட்டுத் தையல் இருந்தால் அதையும். டையைக் கட்டிப் பாருங்கள். அதன் நுனி பெல்ட் பக்கிளைத் தொட வேண்டும். வெளிப்பைகள் தைத்து மூடியிருந்தால் அப்படியே விட்டுவிடலாம், எதையும் திணிக்க முடியாததால் கோட்டின் வடிவம் நிலைக்கும். உள்பையை மட்டும் விரலால் தடவிப் பாருங்கள். அதையும் சில சமயம் தைத்துவைத்திருப்பார்கள்; அழைப்புக் கடிதத்தை வைக்கப்போவது அங்கேதான்.